நாலாயிரம் ரூபாயும் நான்கு மாதத் திருவிருந்தும்

வாசகி கேள்வி:

நான் தென்மாவட்டச் சபை ஒன்றில் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர். வயது 48. பள்ளியில் தமிழாசிரியை. நான்கு தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பம். சில மாதங்களுக்கு முன் உபவாசக் கூடுகையில் ஒரு பிரசங்கியார், “கர்த்தருக்கு நீ உண்மையுள்ளவனா என்று உன்னைச் சோதித்துப் பார், வெதுவெதுப்பாயிருந்தால் வாந்திபண்ணிப்போடுவார்” என்றார். அன்று போன நிம்மதி திரும்பவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகச் சங்கப் பணத்தில் 4,000 ரூபாய் எடுத்து, மூன்று வாரத்தில் திரும்ப வைத்தேன், யாருக்கும் தெரியாது. போன வருடம் ஆசிரியர் அறையில் ஒருவர், எங்கள் பள்ளியில் துப்புரவு வேலை பார்க்கும் கிறிஸ்தவப் பெண்ணைப் ‘பால்பவுடருக்கு மதம் மாறின கூட்டம்’ என்று கேலி செய்தபோது, நானும் மற்றவர்களோடு சிரித்துவிட்டேன். ஜெபத்தில் மனம் ஒட்டுவதில்லை. ஆனால் எத்தனை குறை இருந்தாலும், சபைகளின் மாவட்ட அமைப்பான திருமண்டலத்தின் தேர்தலில் எங்கள் அணிக்கு நான் ஒருபோதும் துரோகம் செய்ததில்லை. இருபது வருடத் தோழி எதிர் அணிக்குப் போனபோது அவளோடு பேச்சையே விட்டேன். அந்த உண்மையாவது கணக்கில் வருமா? நான்கு மாதமாகத் திருவிருந்து எடுக்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்தால் பிறகு தூக்கமில்லை. என்னை நானே எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு, ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். முதல் முறை நாலாயிரம் ரூபாய்தான் கண்ணில் பட்டது. இரண்டாம் முறை அந்தத் துப்புரவுப் பணியாளர் மனதில் நின்றார். மூன்றாம் முறைதான், உங்களுக்குச் சாதகமான சாட்சியாக நீங்களே கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் அந்த ஒரு வரியில் தட்டி நின்றேன். அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். நான்கு மாதமாக நீங்கள் எழுந்து போகாத அந்தத் திருவிருந்துப் பந்தியிலிருந்து தொடங்குவதுதான் முறை. மற்றவை காத்திருக்கலாம், அது காத்திருக்கக் கூடாது.

உங்களை இருக்கையிலேயே உட்கார வைத்த வசனம் 1 கொரிந்தியர் 11:28 ஆகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன்: “எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்.” நீங்கள் தமிழாசிரியை, பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்துகிற கண்ணோடு இந்த வாக்கியத்தை ஒரு முறை பாருங்கள். ‘சோதித்தறிந்து’ என்பது வினையெச்சம். வாக்கியம் அங்கே முடியவில்லை; ‘புசித்து’ என்பதைக் கடந்து, ‘பானம்பண்ணக்கடவன்’ என்ற வினைமுற்றில் போய்த்தான் முடிகிறது. சோதித்தறிந்து ஒதுங்கியிருக்கக்கடவன் என்று பவுல் எழுதவில்லை. நீங்கள் வினையெச்சத்திலேயே நான்கு மாதம் நின்றுவிட்டீர்கள்.

அந்தச் சோதனை எதைப் பற்றியது என்பதையும் அதே அதிகாரம் சொல்கிறது. கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்தி வந்து தங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்துவிட, இல்லாதவர்கள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் குடித்து வெறித்திருந்தான். நம் அசனப் பண்டிகையில் முதல் பந்திக்குக் கறியும் கடைசிப் பந்திக்கு வெறும் குழம்பும் போய்ச் சேர்ந்தால் ஊர் என்ன பேசும் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே நடந்தது ஏறக்குறைய அதுதான். ஆகவே பவுல் கேட்ட சோதனை, நெஞ்சுக்குள் பக்தி எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று அளந்து பார்ப்பதல்ல. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனை நீ எப்படி நடத்தினாய் என்பது. இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் கடிதத்தைத் திரும்ப வாசித்தால், அதில் இருக்கும் மூன்று காரியங்களும் மூன்று மனிதர்களைப் பற்றியவை என்பது தெரியும். சங்கத்துப் பெண்கள், துப்புரவுப் பணியாளர், தோழி.

நம் தென்மாவட்டச் சபைகளில் பலவும் ஆங்கிலிக்கன் மிஷன்களின் வழியாக வந்தவை. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாவதற்கு முன் நம் முன்னோர் கையில் இருந்தது அந்த மரபின் பொது ஜெபப்புத்தகம். அதன் 1662-ஆம் ஆண்டுப் பதிப்பில், திருவிருந்துக்கு முன்பே சபைக்கு வாசிக்கவேண்டிய புத்திமதி ஒன்று உண்டு. உங்களை ஆராய்ந்து பாருங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, அப்படி ஆராய்ந்தும் தன் மனச்சாட்சியைத் தானாக அமைதிப்படுத்த முடியாதவர் யாராவது இருந்தால், என்னிடமாவது விவேகமுள்ள வேறொரு குருவிடமாவது வந்து மனம் திறக்கட்டும் என்று குருவானவரே சொல்கிறார். தனியாக உட்கார்ந்து நான்கு மாதம் தன்னையே குடைந்துகொண்டிருப்பது அந்த ஏற்பாட்டில் இல்லை.

இனி, பிரசங்கியார் சொன்ன ‘உன்னைச் சோதித்துப் பார்’ என்பதைப் பார்ப்போம். இது 2 கொரிந்தியர் 13:5: “நீங்கள் விசுவாசமுள்ளவர்களோவென்று உங்களை நீங்களே சோதித்து அறியுங்கள்.” இரண்டு வசனத்துக்கு முன்னால் போனால், கொரிந்தியர் பவுலிடம் அத்தாட்சி கேட்டுக்கொண்டிருந்தது தெரியும், கிறிஸ்து உனக்குள் பேசுகிறார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று அப்போஸ்தலனையே விசாரித்தவர்கள் அவர்கள். என்னைச் சோதித்தது போதும், உங்களைச் சோதித்துப் பாருங்கள் என்று அவர் அந்த விசாரணையைத் திருப்பிவிட்டார். தன்மேல் சந்தேகமே இல்லாமல் பிறரை எடைபோட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் கொடுத்த மருந்தை, தூக்கமில்லாமல் தன்னை எடைபோட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெண்மணி குடித்தால் என்ன ஆகும்? மருந்து நல்ல மருந்துதான். சீட்டில் இருந்த பெயர்தான் உங்களுடையதல்ல.

‘விசுவாசம்’ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆலயத்துக்குள் நாம் அதைக் ‘கடவுளை நம்புதல்’ என்ற பொருளில் சொல்கிறோம். ஆலயத்தின் படியிறங்கிவிட்டால் அதே சொல்லுக்கு வேறு பொருள். ‘நாய் விசுவாசமுள்ள பிராணி’ என்றும் ‘எஜமான விசுவாசம்’ என்றும் சொல்லும்போது, கைவிடாமல் உடனிருப்பதைத்தான் சொல்கிறோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இவ்விரண்டுக்கும் ‘பிஸ்டிஸ்’ என்ற ஒரே சொல்தான். ஆவியின் கனிகளில் ஏழாவதாக நம் பழைய மொழிபெயர்ப்பு ‘விசுவாசம்’ என்று வைத்திருப்பது அந்தச் சொல்தான். அங்கே ‘நம்பகம்’ என்ற பொருளே பொருந்தும் என்று சொல்லும் வேதவிளக்கக்காரர் பலர். லூக்கா 16:10-இல் பழைய மொழிபெயர்ப்பு ‘கொஞ்சத்திலே உண்மையுள்ளவன்’ என்று சொல்லும் இடத்தில் புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘நம்பத் தகுந்தவர்’ என்று சொல்கிறது. எனக்கு இந்த இடத்தில் இரண்டாவது சொல்மேல்தான் பிரியம். ‘நான் உண்மையுள்ளவளா?’ என்று கேட்டால் பதில் தேட மனம் உள்ளே போகும், அங்கே இருட்டு. ‘என்னை யார் நம்பினார்கள், அவர்கள் நம்பியபடி நான் இருந்தேனா?’ என்று கேட்டால் மனம் வெளியே வரும். அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், தேதிகள் இருக்கின்றன, பதில் சொல்ல முடியும்.

பவுல் இதற்கு எடுத்துக்கொண்ட உதாரணம் உக்கிராணக்காரன். “உக்கிராணக்காரன் உண்மையுள்ளவனென்று காணப்படுவது அவனுக்கு அவசியமாம்” (1 கொரிந்தியர் 4:2). கல்யாண வீட்டில் உக்கிராண அறைச் சாவியை யாரிடம் கொடுக்கிறார்கள் என்று கவனித்திருப்பீர்கள். ஓடியாடி உபசரிக்கிறவரிடமோ வாய்ச்சாலகமுள்ளவரிடமோ கொடுப்பதில்லை. அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் தேங்காயும் எத்தனை வந்தன, எத்தனை போயின என்று கேட்ட நேரத்தில் சொல்லக்கூடிய ஒருவர், வாசலை மறித்து ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு உள்ளே இருப்பது எதுவும் சொந்தமில்லை. அவரிடம் எதிர்பார்க்கப்படுவது உற்சாகமுமல்ல. ஜெபத்தில் மனம் ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை உங்கள் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். மனம் ஒட்டாத நாளிலும் முழங்காலில் நின்றவளை வேதம் எங்கும் துரோகி என்று சொல்லவில்லை.

அடுத்த இரண்டு வசனங்களை நாம் அதிகம் வாசிப்பதில்லை. “நானும் என்னைக்குறித்துத் தீர்ப்புச்சொல்லுகிறதில்லை,” என்கிறார் பவுல். என்னிடத்தில் குற்றம் ஏதும் எனக்குத் தெரியவில்லை, ஆனால் அதனாலே நான் நீதிமானாகிவிடுவதில்லை, என்னை நியாயம் விசாரிக்கிறவர் கர்த்தரே என்று தொடர்கிறார். சோதித்தறி என்று சொன்ன அதே மனிதர், நான் என்மேல் தீர்ப்புச் சொல்வதில்லை என்றும் சொல்கிறார். இது முரண்பாடல்ல. கணக்குத் தணிக்கைக்கு வருகிறவர் வரவு இது, செலவு இது, இந்த வவுச்சரைக் காணவில்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விடுவார். ஜெயிலுக்கு அனுப்புவது அவர் வேலையல்ல. நீங்கள் தணிக்கைக்குப் போன இடத்தில் நீதிபதியின் நாற்காலியிலும் ஏறி உட்கார்ந்து, நான்கு மாதம் திருவிருந்து விலக்கு என்று உங்களுக்கு நீங்களே தண்டனையும் எழுதிக்கொண்டீர்கள். அந்த நாற்காலியிலிருந்து இறங்கினால்தான் கணக்கைச் சரியாகப் பார்க்க முடியும். இப்போது பார்ப்போம்.

நாலாயிரம் ரூபாய். எடுத்தது தவறு, திரும்ப வைத்தது நல்லது. ஆனால் இந்த இரண்டும் கூடி ஒன்றையொன்று கழித்துவிடுவதில்லை. அந்த மூன்று வாரத்தில் யாராவது ஒரு சகோதரி உங்களிடம், ‘அக்கா, சங்கத்தில் கையிருப்பு எவ்வளவு இருக்கு?’ என்று கேட்டிருந்தால் நீங்கள் பொய் சொல்லியிருப்பீர்கள். கேட்காததால் அந்தப் பொய் சொல்லப்படாமல் நின்றது, அவ்வளவுதான். பிறன் ஒப்புவித்ததில் தவறினவன் முதலைக் கொடுத்து அதோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடுக்கவேண்டும் என்று லேவியராகமம் 6-ஆம் அதிகாரம் சொல்கிறது. உங்கள் கணக்கில் அது 800 ரூபாய். நாம் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பணம் திரும்பியதும் நம்பிக்கையும் தானாகத் திரும்பிவிடாது என்பதை மோசேயின் காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். 800 ரூபாயைப் பெயர் எழுதாத உறையில் போட்டு உண்டியலில் சேர்த்துவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றும். வேண்டாம். அது இன்னொரு மறைவுக் காரியமாகிவிடும்.

சங்கத் தலைவியிடமோ சேகர குருவானவரிடமோ நேரில் போய், நடந்ததை நாலு வாக்கியத்தில் சொல்லுங்கள். மகளின் கட்டணம், அந்த மாதத்து நெருக்கடி ஆகிய விளக்கங்களை அவர்கள் கேட்டால் சொல்லலாம், கேட்காவிட்டால் விட்டுவிடலாம். அவர்கள் செயலாளர் பொறுப்பை விட்டுவிடச் சொன்னால் விட்டுவிடுங்கள். இதைப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று அறிக்கையிடவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்; தேர்தல் சூடு அடங்காத சபையில் அது உங்கள் பாவத்தைத் தீர்ப்பதைவிட, இரண்டு அணிக்கும் ஆறு மாதத்துக்குப் பேச்சு கொடுக்கும். ஆனால் ஒரு காரியத்தைச் சங்கமே செய்யவேண்டும். இன்னும் எத்தனையோ ஊர்களில் சங்கப் பணம் செயலாளர் வீட்டு அலமாரியில், சேலை மடிப்புக்கு அடியில், ஒரு மஞ்சள் பையில்தான் இருக்கிறது. இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்கலாம் என்ற வங்கிக் கணக்கு ஒன்றைத் திறக்க நீங்களே தீர்மானம் கொண்டுவாருங்கள். அடுத்துப் பொறுப்புக்கு வருகிறவள் கல்லூரிக் கட்டண மாதத்தில் உங்களைப்போல் தனியாக அந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியிருக்காது.

இந்த இடத்தில் என் சொந்தக் கணக்கையும் கொஞ்சம் காட்டுவது நியாயம். குருப்பட்டம் பெற்று இரண்டாவது வருடம், கிராமச் சபை ஒன்றில் இருந்தேன். வீடு சந்திப்புக்கு ஒரு பதிவேடு உண்டு. மாதக் கமிட்டியில் அதை வாசிப்பார்கள். ஒரு மாதம், படுக்கையில் கிடந்த ஒரு பாட்டியின் பெயருக்கு எதிரே, போகாமலே ‘சந்தித்தேன், ஜெபித்தேன்’ என்று எழுதிவிட்டேன். மறுவாரம் போய்விடலாம் என்பதுதான் எண்ணம். மறுவாரம் உண்மையாகவே போனேன். நான் உட்காருவதற்கு முன்பே பாட்டி, “ஐயரே, நீங்க போன வாரம் வந்தீங்களாமே, கமிட்டியில வாசிச்சதா மவன் சொன்னான். நான் கண்ணசந்துட்டேன் போல. மன்னிச்சிக்கிடுங்க” என்றார். தன் நினைவை நம்பாமல் என் கையெழுத்தை நம்பினார். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு ஜெபம் பண்ணினேன். சொல்வதற்கு எனக்கு இன்னும் பதினொரு நாள் பிடித்தது. அவர் சிரித்துவிட்டார் என்பது வேறு விஷயம். அன்றைக்கு அந்த வீட்டுத் திண்ணையில் எனக்குத் தெரிந்தது, என் பக்தியின் அளவைப் பற்றி ஒன்றுமில்லை. நம்பின ஒரு ஆளின் முகம் எப்படி இருக்கும் என்பது மட்டுமே.

ஆசிரியர் அறைக்கு வருவோம். நீங்கள் அதை, இயேசுவைத் தெரியாது என்று சொன்ன பேதுருவின் மறுதலிப்போடு ஒப்பிட்டுப் பயந்திருப்பீர்கள். ஒப்பிடலாம், ஆனால் முழுதாக ஒப்பிடுங்கள். யோவான் எழுதின சுவிசேஷத்தில், பிரதான ஆசாரியனின் முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்துகொண்டு நின்றது கரிநெருப்பின் அருகே. உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் மீன் வைத்துக் காத்திருந்ததும் கரிநெருப்பின் அருகே. அந்தச் சொல் புதிய ஏற்பாட்டிலேயே இந்த இரண்டு இடத்தில்தான் வருகிறது. தோற்ற இடத்தின் வாசனையே மூக்கில் ஏறும்படி உட்காரவைத்து, முதலில் சாப்பாடு போட்டு, அதன் பிறகுதான் கேள்வி கேட்கிறார். அந்தக் கேள்வியும் ‘ஏன் மறுதலித்தாய்?’ என்பதல்ல. என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா என்று கேட்கிறார். பேதுருவும் தன் இருதயத்தைத் திறந்து அளந்து காட்டவில்லை. ‘ஆண்டவரே, நீர் எல்லாவற்றையும் அறிந்திருக்கிறீர்’ என்று அளவுகோலை அவர் கையிலேயே கொடுத்துவிட்டான். பதிலுக்குக் கிடைத்தது பாராட்டுமல்ல, தண்டனையுமல்ல. ஆடுகளைப் பார்த்துக்கொள் என்ற வேலை.

ஆகவே அந்தச் சிரிப்பை ‘கிறிஸ்துவின் நாமத்தை மறுதலித்தேன்’ என்று பெரிய எழுத்தில் எழுதிவைத்து அதற்கு முன்னால் நடுங்கிக்கொண்டிருக்காதீர்கள். அது எளிதான வழி; பெரிய பாவமாக எழுதினால் செய்யவேண்டியது ஒன்றும் இருக்காது, அழுதால் போதும். நடந்ததைச் சிறிய எழுத்தில் எழுதுங்கள். நான்கு தலைமுறைக் கிறிஸ்தவர் என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் நீங்கள், அந்தக் கேலி உங்களைக் குறிக்காது என்ற தைரியத்தில் சிரித்தீர்கள். உங்கள் பூட்டனைப் பற்றியும் ஊரார் ஒருகாலத்தில் அதே மாதிரிப் பேசியிருப்பார்கள் என்பதை அந்த நிமிடத்தில் மறந்தீர்கள். பால்பவுடர் என்ற கேலிக்குள் மதம் பாதி, சாதி பாதி என்பது நம் ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. அந்தப் பெண் அன்று அங்கே இல்லை என்றால், இப்போது போய் அந்த வார்த்தையை அவர் காதில் போட்டு மன்னிப்புக் கேட்காதீர்கள். அது உங்கள் பாரத்தை இறக்கி அவர் தலையில் வைப்பது. கேலி செய்தவரிடம் போங்கள். ‘அன்றைக்கு நானும் சிரித்தேன், சிரித்திருக்கக் கூடாது; நீங்களும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது’ என்று தனியாகச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பெண்ணின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் நீண்ட கடிதத்தில் அவரைக் குறிக்க ஒரு வேலையின் பெயர்தான் இருந்தது.

வெதுவெதுப்பைப் பற்றிய பயத்துக்குக் கொஞ்சம் இடம் போதும். அந்த வார்த்தை லவோதிக்கேயா சபைக்குச் சொல்லப்பட்டது. அந்தச் சபையின் கோளாறு, தனக்கு ஒரு குறையுமில்லை என்று அது சொல்லிக்கொண்டதுதான் (வெளிப்படுத்தின விசேஷம் 3:17). உங்கள் கடிதத்தில் குறையைத் தவிர வேறொன்றுமில்லை. இரண்டும் ஒரே நோயாக இருக்க முடியாது. வாந்திபண்ணிப்போடுவேன் என்று சொன்ன அதே கடிதத்தில், நான்கு வசனம் தள்ளி, இதோ வாசற்படியிலே நின்று தட்டுகிறேன், கதவைத் திறந்தால் உள்ளே வந்து அவனோடே போஜனம்பண்ணுவேன் என்றும் ஆண்டவர் சொல்கிறார். பிரசங்கியார் அது வரைக்கும் வாசித்திருந்தால், நான்கு மாதம் முன்பே உங்களைப் பந்தியில் பார்த்திருப்பார்கள்.

எப்படிச் சோதிப்பது என்று கேட்டீர்கள். ரோமன் கத்தோலிக்கரான லொயோலா இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டில் சொல்லிக்கொடுத்த முறையில், புராட்டஸ்டண்டுகளாகிய நாம் கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்ளத்தக்க ஒரு ஒழுங்கு இருக்கிறது. அவர் பாவப்பட்டியலில் தொடங்கவில்லை. பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வதில் தொடங்கினார். அடுத்தது, காட்டும்படி ஆண்டவரிடம் வெளிச்சம் கேட்பது. அதன் பிறகே நாளை மணிமணியாகப் பின்னோக்கிப் பார்ப்பது. இராச்சாப்பாடு முடிந்து பத்து நிமிடம் போதும். கடிகாரம் பார்த்து எழுந்துவிடுங்கள். கேள்வி ஒன்றுதான்: இன்றைக்கு என்னை எவர் எதற்காக நம்பினார்? பேப்பரைத் திருத்திக் கொடுப்பேன் என்று நம்பின மாணவி, மருந்து வாங்கி வருவேன் என்று நம்பின மாமியார், இரகசியம் காப்பேன் என்று நம்பின சக ஆசிரியை என்று முகங்கள் வரும். தவறின இடத்தில் நாளைக்குச் செய்யவேண்டியது என்ன என்று ஒன்று மட்டும் குறித்துக்கொண்டு, “தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்” என்ற 139-ஆம் சங்கீத வார்த்தையோடு முடித்துவிடுங்கள். அந்தச் சங்கீதத்தில் ஆராய்கிறவர் யார் என்பதைக் கவனியுங்கள்.

எங்கள் ஆச்சி உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்து, அடுப்படி மூலையில் இருந்த மண்கலயத்தில் போடுவாள். மாதக் கடைசியில் அது ஆலயத்துக்குப் போகும். கைநிறைய எடுத்தாளா, விரல்நுனியால் கிள்ளினாளா என்பது அவளுக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே தெரியும். ஆனால் அவள் கலயத்தைக் கவிழ்த்து எண்ணிக்கொண்டிருந்ததை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

விடியற்காலை மூன்று மணி விழிப்பை மட்டும் ஜெபக்குறிப்பில் சேர்க்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நான்கு மாதமாகத் தூக்கம் கெட்டிருப்பது உடம்பின் விஷயமும்கூட. உங்கள் வயதில் உடல் மாற்றங்களும் அதைச் செய்யும், மனச்சோர்வும் செய்யும். அறிக்கை செய்த பாவமே திரும்பத் திரும்ப வந்து, சரியாக அறிக்கை செய்தேனா என்ற சந்தேகம் பகல் வேலையையும் தின்றால், அது பதற்றநோயின் ஒரு வடிவமாக இருக்கலாம். அதற்கு மனநல மருத்துவத்தில் நல்ல சிகிச்சை உண்டு. புராட்டஸ்டண்டு சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரே, மடத்தில் இருந்த காலத்தில் மணிக்கணக்காகப் பாவஅறிக்கை செய்து, கேட்டுக்கொண்டிருந்த தன் மேலாளரான ஸ்டௌபிட்ஸைச் சலிப்படையச் செய்தவர். விசுவாசக் குறைவால்தான் இப்படி என்று யாராவது சொன்னால், இந்தச் செய்தியை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

இப்போது அந்த ஒரு வரி. ‘எங்கள் அணிக்கு நான் ஒருபோதும் துரோகம் செய்ததில்லை; அந்த உண்மையாவது கணக்கில் வருமா?’ சகோதரி, கணக்கில் வரும். செலவுப் பக்கத்தில் வரும். உக்கிராணக்காரன் உண்மையுள்ளவனாய்க் காணப்படவேண்டும் என்ற வசனத்தைப் பவுல் எந்தச் சண்டையின் நடுவே எழுதினார் என்று பாருங்கள். நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன், நான் கேபாவைச் சேர்ந்தவன் என்று கொரிந்து சபை அணி பிரிந்து கிடந்தது. முதல் நான்கு அதிகாரமும் அதைப் பற்றியதே. அவர்களில் எவனும் தன் தலைவனுக்குத் துரோகம் செய்யவில்லை. எல்லாரும் விசுவாசமாகத்தான் இருந்தார்கள், அதுதான் சிக்கல். உறவுமுறை, ஊர், சாதி, கொடுத்த வாக்கு என்று நம் அணி விசுவாசத்துக்கு ஆயிரம் நல்ல பெயர் உண்டு. நான்கு மாதம் உங்களைக் குடைந்த மனச்சாட்சி இந்த ஒன்றை மட்டும் தொடாமல் விட்டதே, அந்த நல்ல பெயர்களின் தயவால்தான். நாலாயிரம் ரூபாய் மூன்று வாரத்தில் திரும்பிவிட்டது. தோழி இன்னும் திரும்பவில்லை. இருபது வருடம் ஒருத்தி உங்களை நம்பினாள். ஒரு ஓட்டுச்சீட்டுக்காக அந்த நம்பிக்கையை நீங்கள் விட்டீர்கள், அதை உண்மை என்று எழுதிவைத்தீர்கள்.

தோழி எந்த அணிக்கு ஓட்டுப் போட்டார், அது சரியா தவறா என்பதில் எனக்குக் கருத்தில்லை. உங்கள் ஓட்டை மாற்றிப் போடுங்கள் என்றும் சொல்லவில்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடே ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னதில், எந்தப் பக்கம் நியாயம் என்று விசாரித்துவிட்டுப் போ என்ற நிபந்தனை இல்லை. தோழி கதவைத் திறக்காமல் போகலாம். திறந்து இரண்டு வார்த்தை கடுமையாகச் சொல்லவும் செய்யலாம். கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள், அடுத்த திருவிருந்து ஞாயிறில், கதவு திறந்தாலும் திறக்காவிட்டாலும், எழுந்து பந்திக்குப் போங்கள்.

தோழி வீட்டுக்கு ஒரு சாயங்காலம் தனியாகப் போங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போகவேண்டாம், பழமும் பலகாரமும் வாங்கிக்கொண்டு போகவேண்டாம். இந்த மாதமே போய்விடுங்கள். தேர்தல் தேதி அறிவித்தபின் போனால், ஓட்டுக் கேட்க வந்ததாகத்தான் நினைத்துக்கொள்வார்.